ஹாஸ்டல் கூரையில் ஒரு சிவப்புக் குப்பி

கல்லூரி ஹாஸ்டல் அறையில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு சின்ன உலோகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதில் யாராவது சட்டை ஹேங்கரை மாட்டியும் வைத்திருப்பார்கள். அதுதான் தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர். அதன் நடுவே விரல்கணு நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே சிவப்புத் திரவம், திரவத்தில் ஒரு குட்டிக் காற்றுக்குமிழி. குழாயில் அழுத்தத்தோடு காத்திருக்கும் தண்ணீரின் வாயை அடைத்திருக்கும் மூடி, இந்தக் கண்ணாடியை நம்பித்தான் நிற்கிறது. சூடு ஏற ஏறத் திரவம் விரிந்து குமிழி இருந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் விரிய இடமில்லாமல் கண்ணாடி உடையும், மூடி தெறிக்கும், தண்ணீர் பாயும். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடையும், மஞ்சள் 79, பச்சை 93. மின்சாரமும் வேண்டாம், பட்டனை அமுக்க ஆளும் வேண்டாம்.

சினிமாவில் ஒருவன் லைட்டரை நீட்டியதும் மாடி முழுக்க மழை கொட்டுமே, அது சும்மா. வழக்கமான அமைப்பில் எந்தக் குப்பி சூடாகிறதோ அது மட்டும்தான் உடையும். ஆனால் ஹேங்கரின் இழுப்பில் கண்ணாடி உடைந்தாலும் தண்ணீர் அதே வேகத்தில்தான் வரும், மெத்தை, லேப்டாப் எல்லாம் காலி.

புகையை ஸ்பிரிங்க்ளர் கண்டுகொள்ளாது. அதற்குத்தான் ஸ்மோக் டிடெக்டர். பெரும்பாலானவற்றுக்குள் ஓர் இருட்டு அறை, அதில் ஒரு ஒளிக்கற்றை, அது நேராக விழாதபடி ஒதுங்கி ஒரு சென்சார். புகைத்துகள் உள்ளே வந்தால் ஒளி சிதறி சென்சாரில் படும், அலாரம் அடிக்கும். சிக்கல் என்னவென்றால், குளியலறை நீராவியும் ஒளியைச் சிதறடிக்கும், அடிக்கடி சும்மா அடித்தால் யாரும் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். 2000 ஜனவரியில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் தீப்பிடித்தபோது, முன்பு அடித்த பொய் அலாரங்களை நினைத்துப் பலர் கிளம்பத் தாமதித்தார்கள். மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அதே ஆண்டு நியூஜெர்சி மாநிலம் மாணவர் விடுதிகளில் அதைக் கட்டாயமாக்கியது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, வராந்தாவின் தீத்தடுப்புக் கதவு சாத்தாதபடி முட்டுக் கொடுத்திருக்கும் செங்கல். தீ விபத்தில் பெரும்பாலும் உயிரைக் குடிப்பது புகைதான், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தீத்தடுப்புக் கதவின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும், சூடு பட்டால் அது பலமடங்கு உப்பி இடுக்கை அடைத்துவிடும், ஆனால் கதவு சாத்தியிருந்தால்தானே? காற்றோட்டத்துக்காகத் திறந்தே வைக்க வேண்டும் என்றால் அதற்கு மின்காந்தப் பிடி இருக்கிறது, அலாரம் அடித்ததும் அதற்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.