பிசினஸ் லேப்டாப்பா? முதலில் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்

புது லேப்டாப் விளம்பரம் எதை எடுத்தாலும் இப்போது ஏஐ தான். 2024-இல் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்கென்று கீபோர்டில் தனியாக ஒரு பட்டனே வந்துவிட்டது. செங்கோட்டையில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் என்னிடம் சா மில்காரர்கள் வருகிறார்கள், லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள், பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறவர்கள் வருகிறார்கள். அந்தப் பட்டன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஜிஎஸ்டி வரி உள்ள சரக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால், ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில் இல்லாமல் கேரள எல்லையில் இருக்கும் புளியரையைத் தாண்ட முடியாது. லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்போது லேப்டாப் உயிரை விட்டால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, மிஷின் போனா போவட்டும், கணக்கு கிடைக்குமா?”

முன்பெல்லாம் “கிடைக்கும் அண்ணாச்சி” என்று தைரியமாகச் சொல்லலாம். மதர்போர்டு போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டினால் டேலி டேட்டா அப்படியே இருக்கும். இப்போது சில மாடல்களில் ஸ்டோரேஜையே கழற்ற முடியாதபடி போர்டில் சால்டர் செய்துவிடுகிறார்கள். போர்டோடு கணக்கும் போய்விடும். எஸ்எஸ்டி என்கிற இந்தக் கால டிஸ்க் தனியாகக் கழன்று வந்தாலும், அதிலுள்ள டேட்டாவுக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் என்கிற பூட்டு இருக்கிறது. அதைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். பெரும்பாலும் அது, முதன்முதலில் விண்டோஸை செட்டப் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? லேப்டாப்பை விற்ற கடைப் பையன் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்திருப்பான். பூட்டைக் குறை சொல்ல மாட்டேன், லேப்டாப் திருடு போனால் நம்மைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் பூட்டுகிற மிஷின், சாவி எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்குத் தமிழில் சொல்லி, பேப்பரில் பிரிண்ட் எடுக்க வைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். வருகிற மாடல்களில் எனக்கு முதலில் வேண்டியது இதுதான். அதுவரை, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுதி வையுங்கள்.

சால்டர் செய்தால்தான் மெலிசாகும் என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம். ரேம் விஷயத்தில் அது பழைய சாக்கு. திருகு போட்டு மாட்டுகிற, உயரம் குறைந்த கேம்2 ரேமுக்கான தரத்தை, மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்புக்கு, ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு விற்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டியிலும் அந்த மார்க் இருந்தால், வாங்குகிறவர் கலரையும் எடையையும் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பார்.

அடுத்தது காற்று. சா மில்லிலிருந்து வரும் லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்தால், ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் மரத்தூள் தடித்த பட்டையாகப் படிந்திருக்கும். ஆனி, ஆடிச் சாரலில் ஈரமும் சேர்ந்துவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது, இடுக்கியால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். இதற்காகப் பத்துப் பன்னிரண்டு திருகு, ஒட்டுப்பட்டை, ரிப்பன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுகிறோம். பைக்கில் ஏர் ஃபில்டர் இருக்கிற மாதிரி, கடைக்காரரே இழுத்துத் தட்டி மாட்டிக்கொள்கிற ஒரு வலை இருந்தால் போதும். எனக்கு வருமானம் குறையும்தான், சரி, பரவாயில்லை.

மூடியைத் திறந்து மூட உதவும் கீலான ஹிஞ்ச் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பித்தளை நட்டைப் பிளாஸ்டிக்கில் பதித்திருப்பார்கள். வருஷங்கள் போனால் ஹிஞ்ச் இறுகும், நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். அந்த இடத்தில் உலோகம் வேண்டும். மூடியைத் திறக்கும்போது மூலையில் நறநறவென்று சத்தம் கேட்டால், உடைவதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

சார்ஜர் விஷயத்தில் காலம் நம் பக்கம். யூஎஸ்பி-சி வழியே 240 வாட் வரை கொடுக்கும் தரம் 2021-லேயே வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2026 ஏப்ரல் 28 முதல் புது லேப்டாப்புகளுக்கு யூஎஸ்பி-சி சார்ஜிங் கட்டாயம். ஆனால் அந்த போர்ட் மெயின் போர்டிலேயே இருந்தால், வயரில் யாராவது கால் தடுக்கினால் செலவு மெயின் போர்டுக்குப் போய்விடும். தனிச் சின்ன போர்டில், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். அப்புறம் பழைய யூஎஸ்பி போர்ட்டையும் எடுத்துவிடாதீர்கள். ஆடிட்டர்கள் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி டோக்கன் இன்னும் பெரும்பாலும் அதில்தான் ஏறும்.

பேட்டரியும் திருகில் கழன்று வர வேண்டும், ஒட்டியிருக்கக் கூடாது. நாள் முழுக்க ப்ளக்கிலேயே இருக்கும் கடை லேப்டாப்புக்கு 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல பிசினஸ் மாடல்களில் இப்போதே உண்டு. ஆனால் அதை செட்டிங்கில் தேடிப் பிடிக்க வேண்டும். டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா, கிளிக் ஆக மறுக்கிறதா? பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி, ஆஃப் செய்து, மூடியை அமுக்காமல் கொண்டு வாருங்கள்.