குளிரில் மாவு புளிக்காத வீட்டுக்கு ஒரு காலை உணவு

குன்னூரில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், டீயும் வர்க்கியும் என்பார்கள். இல்லையென்றால் பன், பிரெட். கொழுந்து பறிக்க விடியலிலேயே கிளம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. டிசம்பர், ஜனவரியில் இங்கே இட்லி மாவு இரவு முழுக்க வைத்தாலும் பொங்குவதில்லை. கைக்கு எட்டுவது பேக்கரிதான்.

ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கும் பெருமைதான். ஆனால் அது மைதா, சர்க்கரை, கொழுப்பு சேர்ந்த தின்பண்டம். எப்போதாவது சாப்பிடலாம், தினமும் காலை உணவாகக் கூடாது. பழுப்பு பிரெட்டுக்கு மாறிவிட்டேன் என்பவர்கள் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருள் பட்டியலில் முதலில் மைதா இருந்தால், நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

புளிக்க வைக்கத் தேவையில்லாத மாற்றுகளைத்தான் நான் முதலில் சொல்வேன். இந்த மலையில் தலைமுறைகளாக விளைந்த ராகியும் சாமையும் அதற்குப் போதும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ராகி மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய கீரை சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து அடையாகத் தட்டுங்கள். முருங்கைக்கீரை மேலே அவ்வளவாகக் கிடைக்காது. பீட்ரூட் கீரை, முள்ளங்கிக் கீரை போதும். கிழங்கை எடுத்துக்கொண்டு தழையைக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. அவ்வளவு நல்ல கீரை அது.

ரவை உப்புமா செய்கிறவர்கள் ரவைக்குப் பதில் சாமை போடுங்கள். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், அதே தாளிப்பு. கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் சேர்த்து சாமையின் அளவுக்குக் குறையாமல் காய் இருக்கட்டும். தொட்டுக்கொள்ள வெறும் தேங்காய்ச் சட்னி வேண்டாம். தேங்காயில் பாதியைக் குறைத்து வறுத்த வேர்க்கடலை சேர்த்து அரைத்தால் புரதமும் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு அவித்த முட்டை இன்னும் நல்லது.

ராகி என்றதும் சர்க்கரை நோயாளிகள் பலர் கஞ்சி காய்ச்சிக் குடிக்கத் தொடங்குகிறார்கள். நைசாக அரைத்த மாவு கஞ்சியாக உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும். கீரை போட்ட அடை, அதுவும் அளவோடு, அவர்களுக்குப் பொருந்தும்.

அப்புறம் டீ. தேயிலை நாட்டில் டீயை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், அதிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் இரும்புச்சத்து சேர உதவும். சர்க்கரையையும் கணக்கிடுங்கள்: டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நான்கு டீயில் எட்டு ஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் முடிந்தவரை நாளுக்கு 25 கிராம், அதாவது சுமார் ஆறு ஸ்பூனுக்குள் நிறுத்தச் சொல்கிறது. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்துப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் காலை உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.