370 குதிரைத்திறன் 165 ஆன கணக்கு

பழைய அமெரிக்க மசில் கார்களைப் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்கள்) பற்றி எழுதுகிறவர்களில் பலர் 1970-ஆம் ஆண்டு குதிரைத்திறன் (ஹெச்.பி.) எண்ணையும் 1975-ஆம் ஆண்டு எண்ணையும் அருகருகே வைத்து, "பாதி பவர் போச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

செவர்லேயின் 5.7 லிட்டர் வி8-ஐ (எட்டு சிலிண்டர் எஞ்சின்) எடுத்துக்கொள்வோம். செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 1970-இல் வந்த எல்.டி-1 எஞ்சினுக்கு 370 ஹெச்.பி., கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 11:1. 1971-இல் கம்ப்ரஷன் 9:1 ஆனது; பவர் 330. அதே ஆண்டு அதே எஞ்சினுக்கு 275 என்று இன்னொரு எண்ணும் வெளிவந்தது. 330 என்பது கிராஸ்: ஏர் கிளீனர், ஃபேன், சைலன்சர் எதுவுமில்லாமல் எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி அளந்தது. 275 என்பது நெட்: காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தது. ஆக, 40 போனது நிஜம். 55 போனது காகிதத்தில். 1972 முதல் நெட் எண் மட்டும்தான்.

கம்ப்ரஷனை ஏன் குறைத்தார்கள்? 1970-இல் வந்த தூய காற்றுச் சட்டம் புகையில் 90 சதவீதக் குறைப்பைக் கேட்டது. அதற்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) வேண்டும். பெட்ரோலில் ஈயம் இருந்தால் கன்வெர்ட்டரின் பிளாட்டினம் செத்துவிடும். ஈயத்தை எடுத்தால் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) இறங்கும். அந்தப் பெட்ரோலில் 11:1 எஞ்சினை இழுத்து ஓட்டினால் நாக்கிங் (கலவை நேரம் தப்பி வெடிப்பது) வந்து பிஸ்டன் தலை அரித்துப்போகும், ரிங் பள்ளங்கள் உடையும்.

பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வால்வு மூடும்போது உட்காரும் சீட்டுக்கு ஈயம் ஒரு காப்புப் பூச்சாக இருந்தது. அது இல்லாமல் அதிக சுமையில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு மிருதுவான சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடம்) செட் செய்தும் மறுபடி மறுபடி குறைந்தால் இதுதான் காரணம். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல் பாகம்) கழற்றும்போதே கடினமான சீட் வளையம் போட்டுவிடுவது நல்லது.

1975 கார்வெட்டில் இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களையும் சேர்த்து, சிறு உருண்டைகள் நிரப்பிய ஒரே கன்வெர்ட்டருக்குள் விட்டார்கள். அடிப்படை எஞ்சின் 165 நெட். அந்தக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டி 2,500 ஆர்.பி.எம்-இல் பிடியுங்கள், முள் நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைப்பு. வால்வுகளைத் திறக்கும் தண்டைச் சுழற்றும் நைலான் பல் வைத்த டைமிங் சக்கரம் இன்னும் உள்ளே இருந்தால் உடனே மாற்றுங்கள். பல் உதிர்ந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைத்துவிடும்.

1973-இல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையும் மைலேஜ் சட்டமும் சேர்ந்து மிச்சத்தைக் கெடுத்தன. 1980-இல் கலிஃபோர்னியா கார்வெட்டுக்குக் கிடைத்தது 5 லிட்டர் எஞ்சினும் 180 ஹெச்.பி.யும்தான்.

பவர் திரும்பியது கம்ப்யூட்டரால். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷன் காற்று-எரிபொருள் விகிதத்தை 14.7:1-ஐ (பெட்ரோல் முழுதாக எரியும் அளவு) ஒட்டியே வைத்திருக்கும்; கார்புரேட்டரால் அது தானாக முடியாது. நாக் சென்சார் தேவைப்படும் நொடியில் மட்டும் ஸ்பார்க் வரும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி நாக்கிங்கைத் தடுக்கும். 1985 கார்வெட் 230. 1992-இல் குளிர்ந்த தண்ணீரை முதலில் ஹெட்டுக்கு அனுப்பி, கம்ப்ரஷனை மறுபடி 10-க்கு மேல் ஏற்றினார்கள்: 300. 1997-இல் 345. 1971-இன் கிராஸ்-நெட் விகிதத்தை வைத்துப் பார்த்தால் 1970 எல்.டி-1-உம் நெட்டில் 308 அளவில்தான் வரும். கிட்டத்தட்ட அந்தப் பவரை 1992 கார் ஈயமில்லாத பெட்ரோலில், கன்வெர்ட்டரோடு கொடுத்தது.

1975 எஞ்சினில் பெரிய கார்புரேட்டர் மட்டும் மாட்டுவது வீண் செலவு. முதலில் எக்ஸாஸ்ட், அடுத்து ஸ்பார்க் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை எவ்வளவு முன்கூட்டியே தருவது என்பது), பிறகு கம்ப்ரஷன், கார்புரேட்டர் கடைசியில்.