பல்லை வெளுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பல் மஞ்சளாகத் தெரிந்தால் பலரும் முதலில் பழி போடுவது மேலே படிந்த கறை மீதுதான். அதனால் கையில் எடுப்பதும் தேய்க்கிற பொருளாகவே இருக்கிறது: கரித்தூள், உப்பு, சமையல் சோடா. ஆனால் பல்லின் மஞ்சளில் பெரும்பங்கு உள்ளிருந்து வருகிறது. தேய்த்தால் அது போகாது.

பல்லின் வெளியுறை எனாமல். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனாலும் அது ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். மஞ்சள் சுவருக்கு முன்னால் மங்கலான கண்ணாடியை வைத்ததுபோல, நமக்குத் தெரிவதில் பெரும்பாலும் டென்டினின் நிறம்தான். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் உள்பக்கமாகத் தடிக்கிறது. அதனால் ஒழுங்காகப் பல் துலக்குகிறவர்களுக்கும் மஞ்சள் கூடத்தான் செய்யும். போட்டுத் தேய்த்தாலோ எனாமல் இன்னும் மெலிந்து, வெளுக்க நினைத்த பல் மேலும் மஞ்சளாகும்.

காபி, தேநீர், புகையிலை விட்டுச் செல்லும் மேல்கறை வேறு கணக்கு. பல் மருத்துவரிடம் கிளீனிங் செய்தாலே அது பெரும்பாலும் போய்விடும். வெளுக்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்துபார்க்கலாம். சிலருக்கு அதுவே போதும்.

உள்நிறத்தை மாற்ற மருத்துவர்கள் பயன்படுத்துவது ஹைட்ரஜன் பெராக்சைடு. பல்லில் வைக்கும் ஜெல்லில் அது நேரடியாக இருக்கும், அல்லது கார்பமைடு பெராக்சைடாக இருக்கும். இரண்டாவது வகை வாய் ஈரத்தில் மெல்லப் பிரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் யூரியாவையும் தரும். டப்பாவில் 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு என்று போட்டிருந்தால், உண்மையில் வேலை செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதம்தான். இது தெரியாமல் இரண்டு எண்களை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

பெராக்சைடு மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலின் படிகங்களுக்கு இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியாக நுழைந்து டென்டினுக்குப் போய்விடுகிறது. அங்கே நிறம் தருகிற மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி நீண்ட வரிசையாக இருக்கும். அந்த வரிசைதான் ஒளியை உறிஞ்சி மஞ்சளாகவும் பழுப்பாகவும் காட்டுகிறது. பெராக்சைடு பிரியும்போது உருவாகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் துகள்கள் அந்த வரிசையை முறிக்கின்றன. கறை எதுவும் சுரண்டி வெளியே எடுக்கப்படுவதில்லை. நிறம் தந்த பொருள் இருந்த இடத்திலேயே நிறம் இழக்கிறது.

இப்படி ஊடுருவும் குணமே முக்கியமான பக்கவிளைவுக்கும் காரணம். பெராக்சைடு சில நிமிடங்களிலேயே நரம்பும் ரத்தநாளமும் இருக்கிற பற்கூழ் வரை போய்விடும். அதனால்தான் சிகிச்சை நாட்களில் பல் கூச்சம் இவ்வளவு சாதாரணமாக வருகிறது. சிலருக்குக் குளிர்ந்த எதையும் குடிக்காமலே சுருக்கென்று ஒரு வலி பாய்ந்து மறையும். பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில நாட்களில் அடங்கிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை உதவும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெல் வைத்தாலும் குறையும். ஜெல் ஈறில் பட்டால் அந்த இடம் வெள்ளையாக வெளிறி எரியும். லேசாகப் பட்டிருந்தால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். செறிவு அதிகமானால் புண்ணாகும். ஜெல்லை வைத்துப் பல்லில் மாட்டும் டிரே, பல்லின் அளவெடுத்துச் செய்ததாக வேண்டும் என்று மருத்துவர் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் எனாமல் கெடுமா? சரியான செறிவில், அமிலத்தன்மை இல்லாத ஜெல்லாக, சொன்ன நேரத்துக்கு மட்டும் வைத்தால் பெரிய சேதம் இல்லை. மேற்பரப்பின் கடினம் கொஞ்சம் குறையலாம். உமிழ்நீரில் இருக்கும் கனிமங்கள் அதைத் திரும்ப ஈடுகட்டும். ஆபத்து வருவது அளவு மீறும்போது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருட்களைப் பல் மருத்துவர் வழியாகத்தான் வாங்க முடியும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக்கூடாது.

வீட்டில் மெதுவாகவா, கிளினிக்கில் ஒரே மணி நேரத்திலா என்று கேட்டால் நான் மெதுவான வழியைத்தான் சொல்வேன். குறைந்த செறிவு ஜெல்லை டிரேயில் வைத்து இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹெய்மன் என்ற இரு பல் மருத்துவர்கள் 1989இல் வெளியிட்டார்கள். இன்றும் அது நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை. சில நாடுகளில் கிளினிக்கில் 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுகூடப் பயன்படுத்துகிறார்கள். ஈறைத் தடுப்பு போட்டு மூடிய பிறகுதான். முடிவில் கிடைக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஜெல் மேல் நீல விளக்கு பிடிப்பதால் கூடுதலாகக் கிடைப்பதும் சொற்பம்தான். நாற்காலியிலிருந்து எழும்போது பல் பளிச்சென்று தெரிவதில் ஒரு பங்கு, பல் ஈரம் இழந்து வறண்டிருப்பதால் வருவது. ஈரம் திரும்பியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும் நிறம்தான் நம்பத் தகுந்தது. ஃபில்லிங்கும் கிரௌனும் வெளுக்காது என்பதால், முன்பல் ஃபில்லிங்கைப் புது நிறத்துக்கு மாற்றவும் அந்த இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ஃபில்லிங் ஒட்டுவதைக் கெடுக்கும்.

எலுமிச்சையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமிலநிலையைக் காட்டும் pH எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது சுமார் 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும்; எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தடவி, இளகிய மேற்பரப்பில் சோடா போட்டுத் தேய்த்தால் முதல் நாள் வெள்ளையாகத் தெரியலாம். ஆனால் போனது எனாமல். அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால் திரும்ப வளராது. பெராக்சைடுக்குப் பயந்து இதைச் செய்கிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எல்லாப் பல்லும் சரியாக இருந்து ஒரே ஒரு பல் மட்டும் கறுத்து வந்தால் கடையில் ஜெல் வாங்காதீர்கள். எப்போதோ பட்ட அடியில் உள்ளே பற்கூழ் செத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் வேர் சிகிச்சை செய்து, அந்தப் பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து வெளுப்பார்கள்.