போலீஸ் கூப்பிட்டால் பிள்ளையை நீங்களே கூட்டிக்கொண்டு போகாதீர்கள்

சமீபத்தில் மறுபடியும் அதே மாதிரி ஒரு வழக்கு. பதினொன்றாம் வகுப்புப் பையன். நண்பர்கள் குழுவில், பள்ளியை ஒரு வழி பண்ணப்போகிறேன் என்கிற தோரணையில் எதையோ எழுதியிருக்கிறான். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து அப்பாவுக்கு போன். ‘ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, கொஞ்சம் பேச வேண்டும், கூட்டிக்கொண்டு வர முடியுமா?’ அப்பா லீவு போட்டுவிட்டு அவரே காரில் கூட்டிப் போயிருக்கிறார். ‘அவங்க கேக்குறதுக்கு மறைக்காம பதில் சொல்லு, சரியாயிடும்’ என்று வழியெல்லாம் புத்தி சொல்லியிருக்கிறார். அங்கே போனதும் பையனின் போனை வாங்கி, பாஸ்கோடு போட்டுத் திறந்து அதிகாரி கையில் கொடுத்திருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கலிஃபோர்னியாவில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சிறார் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காக வாதாடுவது என் வேலை. இங்கே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேப் (மின்சிகரெட்), ஒருவரின் அந்தரங்கப் படத்தை இன்னொருவருக்கு அனுப்புவது, மாலில் கூட்டமாகப் போய்ப் பொருளைத் தூக்கிக்கொண்டு வருவது, இப்படி மிரட்டல் பதிவு போடுவது. நம் வீடுகளிலிருந்து வரும் வழக்குகள் பெரும்பாலும் இவைதான். ‘நம்ம பசங்க அப்படி இல்லை’ என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

என்னை அதிகம் வதைப்பது ஒரே ஒரு நம்பிக்கைதான்: உண்மையைச் சொல்லி ஒத்துழைத்தால் விட்டுவிடுவார்கள். இந்த மாநிலத்தில் பிள்ளைகளைக் காக்க என்னென்ன சட்டம் வந்திருக்கிறது என்று பாருங்கள். எஸ்பி 203 என்ற சட்டம் 2021 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. 17 வயது வரை உள்ள யாரையும் காவலில் வைத்து விசாரிக்கும் முன் அந்தப் பிள்ளை ஒரு வழக்கறிஞரிடம் பேசியாக வேண்டும், போனிலாவது. ‘எனக்கு வேண்டாம்’ என்று பிள்ளையே சொன்னாலும் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற அவசரங்களுக்கு மட்டுமே விலக்கு. 2024 ஜூலையிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. காவலில் இருக்கும் சிறுவர்களிடம் ‘உன் நண்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்’ என்பது போன்ற பொய்யைச் சொல்லி வாக்குமூலம் வாங்கக் கூடாது.

இவ்வளவு பாதுகாப்பும் எப்போது வேலை செய்யும்? ‘காவலில்’ இருக்கும்போது. நீங்களே கூட்டிக்கொண்டு போய், கதவு திறந்திருக்கிற அறையில் உட்காரவைத்து, ‘எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்’ என்று அதிகாரியும் சொல்லிவிட்டால், அது காவல் இல்லை, தானாக வந்து பேசியது என்று அரசுத் தரப்பு வாதிடும். வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னதை வைத்து நாங்கள் எதிர்வாதம் செய்வோம். சில சமயம் ஜெயிப்போம், சில சமயம் தோற்போம். பூட்டை உள்ளேயிருந்து நீங்களே திறந்து கொடுத்துவிட்டு, அப்புறம் என்னிடம் சாவி கேட்டால் நான் என்ன செய்வேன்?

அதிகாரி அன்பாகப் பேசுகிறார், நமக்கு உதவி செய்யப் பார்க்கிறார் என்கிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வேலை அறிக்கை எழுதுவது. பையன் பயத்தில் ‘ஆமா, சும்மா பயமுறுத்தத்தான் போட்டேன்’ என்று சொல்வதை நீங்கள் மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்கிறீர்கள். மிரட்டல் வழக்கில் அது, பயமுறுத்தும் எண்ணம் இருந்தது என்பதற்கான சாட்சி.

வீட்டிலும் கவனம் தேவை. மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கலாம். இந்த மாநிலத்தில் பெற்றோர்–பிள்ளை உறவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பையன் உங்களிடம் சொன்னதை உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியும். ஆகவே நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்காதீர்கள், மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாட்ஸாப்பில் எழுதாதீர்கள். போனில் எதையும் அழிக்கவும் செய்யாதீர்கள், அது தனிக் குற்றமாகலாம்.

இன்னொரு ரகப் பெற்றோர் இருக்கிறார்கள். புரொபேஷன் அதிகாரி (பிடிபட்ட சிறுவர்களைக் கவனிக்கும் கவுண்டி அதிகாரி) ராத்திரி கூப்பிட்டு, ‘வந்து கூட்டிப் போகிறீர்களா?’ என்று கேட்டால், ‘ரெண்டு நாள் உள்ள இருக்கட்டும், அப்பதான் புத்தி வரும்’ என்று சொல்பவர்கள். அந்த வாக்கியம் அப்படியே நீதிபதி படிக்கும் அறிக்கையில் ஏறுகிறது, ‘பெற்றோரால் கட்டுப்படுத்த முடியவில்லை’ என்று. கோபத்தில் சொன்னேன் என்று நீங்கள் அழுதுகொண்டே நிற்கும்போது என் கையில் இருப்பது அந்தத் தாள்தான்.

உள்ளே என்ன நிலைமை என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். 1990களின் நடுவில் மாநில அரசின் சிறார் சிறைகளில் 10,000 பேர் வரை இருந்தார்கள். வன்முறை, தனிமைச் சிறை என்று எத்தனையோ வழக்குகளுக்குப் பிறகு 2020இல் சட்டம் போட்டு, 2023 ஜூன் 30ஆம் தேதியோடு அந்த அமைப்பையே மூடிவிட்டார்கள். பொறுப்பு முழுவதும் 58 கவுண்டிகளின் தலையில். பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அந்த முடிவு சரிதான், நான் ஆதரித்தேன், இன்னமும் ஆதரிக்கிறேன். ஆனால் கவுண்டிகளின் ஜுவனைல் ஹால் என்பது விசாரணை முடியும்வரை கொஞ்ச நாள் வைத்திருக்கக் கட்டிய இடம். கடும் குற்றங்களுக்காக 23, 25 வயது வரை இருக்க வேண்டியவர்களையும் இப்போது கவுண்டிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான ஆளும் இல்லை, பயிற்சியும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் நடப்பதைப் பாருங்கள். 2023 மே மாதம் இரண்டு ஹால்களும் சிறுவர்களை வைத்திருக்கத் தகுதியற்றவை என்று, ஹால்களைச் சோதிக்கும் மாநில வாரியம் அறிவித்தது. ஜூலைக்குள் பிள்ளைகளை டவுனியில் உள்ள லாஸ் பட்ரீனோஸ் ஹாலுக்கு மாற்றினார்கள். 2024 அக்டோபரில் அதுவும் தகுதியற்றது என்று ஆகிவிட்டது. ஊழியர்கள் வேலைக்கு வராததால் வெளியே பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய புரொபேஷன் அதிகாரிகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். 2025 மார்ச்சில் 30 அதிகாரிகள் மீது குற்றச்சாட்டு பதிவானது, பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள் என்று. அதே ஆண்டு ஜூலையில் மாநில அட்டர்னி ஜெனரல், ஹால்களை கவுண்டியிடமிருந்து எடுத்து வேறொருவர் பொறுப்பில் விடும்படி நீதிமன்றத்தைக் கேட்டார். எல்லாக் கவுண்டியும் இப்படி இல்லை. ஆனாலும் சான் ஃபிரான்சிஸ்கோ, 2021 முடிவதற்குள் ஹாலை மூடுவதாக 2019இல் தீர்மானம் போட்டது. கெடு தாண்டியும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

‘ஜாமீன் எவ்வளவு சார்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிறார் நீதிமன்றத்தில் பணம் கட்டி வெளியே எடுக்கும் வழி கிடையாது. காவலில் வைத்தால் 48 மணி நேரத்துக்குள் அரசுத் தரப்பு குற்றச்சாட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். ஆனால் சனி, ஞாயிறு, விடுமுறை நாள் அந்தக் கணக்கில் வராது. மனு போட்ட பிறகு அடுத்த வேலை நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடிபட்ட பையன் அடுத்த வாரம் பாதிவரைகூட உள்ளே இருக்க நேரலாம். இதற்காகத்தான் சொல்கிறேன், ராத்திரி போன் வந்தால் உடனே கிளம்புங்கள்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் ‘வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். மரியாதையாகவே சொல்லலாம். பள்ளியில் சீருடைக்காரர் கேட்டாலும் ‘வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன்’ என்று சொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். வாரன்ட் இல்லாமல் போனைக் கொடுக்காதீர்கள். பணம் இல்லை என்ற கவலை வேண்டாம். வழக்கு என்று வந்தால் பிள்ளைக்கு நீதிமன்றமே வழக்கறிஞர் தரும், 2018லிருந்து அதற்காகப் பெற்றோரிடம் காசு வாங்குவதும் இல்லை. பப்ளிக் டிஃபெண்டர், அதாவது இப்படி இலவசமாக வாதாடும் அரசு வழக்கறிஞர் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சிறார் சட்டத்தில் இவ்வளவு அனுபவம் உள்ளவர்களை வெளியே கண்டுபிடிப்பது கஷ்டம்.

சின்ன வழக்குகள் ஆறு மாதக் கண்காணிப்போடு முடிந்துவிடுவது உண்டு. ஆனால் 18 ஆனதும் எல்லாம் தானாக அழியும் என்பது பொய். கண்காணிப்பை ஒழுங்காக முடித்தால் பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றம் ஆவணங்களை மூடி முத்திரை வைக்க உத்தரவிடும். மற்றவற்றுக்கு நாம் மனுப் போட வேண்டும். அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எச்-4 விசாவிலோ (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்குத் தருவது) கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிறார் தீர்ப்பு குடிவரவுச் சட்டத்தில் தண்டனையாகக் கருதப்படுவதில்லை. ஆனாலும் போதைப்பொருள் விவகாரங்கள் தனியாகச் சிக்கல் தரும், குடியுரிமை விண்ணப்பத்தில் மூடி முத்திரை வைத்த கைதையும் குறிப்பிட வேண்டும். எனவே பிள்ளை எதையாவது ஒப்புக்கொள்ளும் முன்பே, நீங்கள் என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.