குவியாடிக்குள் ஒரு கை

இத்தாலிய ஓவியர் பார்மிஜியானினோ 1524-இல் தீட்டிய தன்னுருவ ஓவியத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முகத்தை இவ்வளவு அழகாக வரைந்தவர், கையை ஏன் இப்படிப் பூதாகரமாக வரைந்தார்?"

கை சரியாகத்தான் இருக்கிறது. 21 வயது இளைஞர், குவியாடியில் கண்டதை அப்படியே வரைந்திருக்கிறார். முடிதிருத்துவோர் வைத்திருக்கும் குவிந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அவருக்கு இந்த ஆசை வந்ததாக, அக்கால ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார்.

குவியாடி நிமிர்ந்த, சிறிய மாய பிம்பத்தையே தரும் என்று பள்ளியில் படித்திருப்போம். எவ்வளவு சிறியது என்பதில்தான் சூட்சுமம். குவியத் தூரத்தோடு (ஆடியின் வளைவு தீர்மானிக்கும் தூரம் அது) ஆடியிலிருந்து பொருள் இருக்கும் தூரத்தைக் கூட்டி, அந்தத் தொகையால் குவியத் தூரத்தை வகுத்தால் உருப்பெருக்கம், அதாவது பிம்பம் பொருளின் அளவில் எத்தனை பங்கு என்பது, வந்துவிடும். குவியத் தூரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கை 12 செ.மீ. தள்ளி இருந்தால் பிம்பம் பாதி அளவு. முகம் 48 செ.மீ. தள்ளி இருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டுமே சுருங்குகின்றன, ஆனால் முகம் கையைவிட இரண்டரை மடங்கு கூடுதலாகச் சுருங்குகிறது. கையை ஆடியின் நடுவில் ஒட்டி வைத்தால் அது சுருங்கவே சுருங்காது!

வீட்டுக் கண்ணாடியில் இந்த வித்தை நடக்காது. அதில் எல்லாப் பிம்பமும் அசல் அளவுதான், தூரம் மட்டுமே மாறும். கண்ணாடியைத் தொடும் கை நம் கண்ணிலிருந்து ஒரு பங்கு தூரத்தில் என்றால், முகத்தின் பிம்பம் இரண்டு பங்கு தூரத்தில். அதனால் என்ன செய்தாலும் கை இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துத் தெரியாது.

சரி, முகம் மட்டும் ஏன் கோணவில்லை? அது ஆடியின் நடுவில் இருக்கிறது. அங்கே வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, ஒளியும் கிட்டத்தட்ட நேராக விழுந்து திரும்புகிறது. ஓரத்தில் ஒளி சாய்ந்து விழுவதால் ஓவியத்தின் ஜன்னலும் உத்தரமும் வில்லாக வளைந்திருக்கின்றன. ஜன்னல் சட்டத்தைக் கவனித்துப் பாருங்கள், என்ன பொறுமை!

நம் வகுப்புகளில் இந்தப் பாடம் கதிர்ப்படம் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. ஆளுக்கொரு குவியாடி கொடுத்துத் தன் கையைப் பார்க்கச் சொல்ல ஒரு பள்ளிக்குப் பெரிய செலவு ஆகாது. அந்தப் பணத்தை ஒதுக்கத்தான் வேண்டும்.

அப்புறம், பார்மிஜியானினோ வரைந்த பரப்பும் தட்டையல்ல. ஆடியைப் போலவே குவிந்த மரத்தைக் கடைந்து வாங்கி அதன்மேல் தீட்டினார். விட்டம் சுமார் 24 செ.மீ. இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சுப் படங்களில் தெரியாத அந்தப் புடைப்பை அங்கே பக்கவாட்டில் நின்றால் பார்க்கலாம்.