இருபது எண்ணியதும் ஏன் நிறுத்துகிறீர்கள்?

எடைப் பயிற்சியைத் தவறாகப் புரிந்துகொண்டு என்னிடம் வருபவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். 43 வயதுப் பெண்மணி, ஆறு மாதத்தில் 7 கிலோ குறைத்திருக்கிறார். முழங்கால் வலி என்று வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, ஒரு மூச்சு வாங்கித்தான் எழுந்தார்.

"எடைப் பயிற்சி ஒரு நாள் விடாமல் செய்கிறேன் மேடம்."

என்ன பயிற்சி என்று கேட்டேன். கைக்கு 1 கிலோ டம்பெல், தொடர்ந்து இருபது முறை தூக்கினால் ஒரு செட், அப்படி மூன்று செட். முதல் நாள் எடுத்த அதே டம்பெல். காலுக்கு? "நடக்கிறேனே." எடையைக் கூட்டினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும், குறைந்த எடையை அதிக முறை தூக்கினால்தான் கொழுப்பு கரைந்து உடம்பு 'டோன்' ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

1 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, நான் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள் என்றேன். அறுபதைத் தாண்டியும் சிரித்துப் பேசிக்கொண்டே தூக்கினார். ஆறு மாதமும் அந்தத் தசைக்கு வேலையே இருந்திருக்கவில்லை.

'டோனிங்' என்று தனியாக ஒரு பயிற்சி கிடையாது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். தசை இருக்க வேண்டும், அதன்மேல் கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும். கண்ணுக்கு 'டோன்' என்று தெரிவது அவ்வளவுதான். உங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 30 சதவீதத்தை எடுத்தாலும் சரி, 80 சதவீதத்தை எடுத்தாலும் சரி, தசை ஏறக்குறைய ஒரே அளவுதான் வளர்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. செட் முடியும்போது இன்னும் இரண்டு, மூன்று முறைக்கு மேல் முடியாது என்ற இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அது எட்டாவது முறையில் வரலாம், இருபத்தைந்தாவதில் வரலாம். வலிமைதான் குறி என்றால் அதிக எடைக்கே பலன் கூடுதல்.

பெண்கள் பயப்படவே வேண்டாம். தசையைப் பெருக்க உதவும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உங்களுக்கு ஆண்களில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அத்தனை இருக்கும் இளைஞர்களே ஒரு சுற்றுப் பெருக்க வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். தற்செயலாக யாருக்கும் அப்படி ஆகாது.

கொழுப்பு குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்கில். ஆனால் பட்டினியால் மட்டும் எடை குறைத்தால், போகிற எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பாக இருக்காது, தசையும் அதில் சேர்ந்தே போகும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பயிற்சி. இவர் இழந்த 7 கிலோவில் தொடைத் தசை எவ்வளவோ, நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஓய்வில்லாமல் ஒன்றை அடுத்து ஒன்றாகச் செய்யும் சர்க்யூட் முறை நேரத்தை மிச்சப்படுத்தும், நல்லதுதான். தசை களைப்பதற்குள் மூச்சு வாங்கி நிறுத்திவிடுவோம் என்பதுதான் அதில் சிக்கல். முழு உடம்புக்கும் ஒரே நாளிலா, நாளுக்கொரு பாகமா என்று சண்டை வேண்டாம். வாரத்தின் மொத்த செட் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள், கால்களுக்கான பயிற்சியை விட்டுவிடாதீர்கள். முதல் சில வாரம் அசைவைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் எடையைக் கூட்டலாம். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன், அடக்காதீர்கள். புரதம் போதுமான அளவு வேண்டும், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. தொடங்கிய வாரங்களில் தசையில் நீர் சேர்ந்து எடை சற்று ஏறலாம்; பயந்துபோய் விட்டுவிடாதீர்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின், நீங்கள் குடித்த தண்ணீருக்கெல்லாம் கணக்கை மாற்றும். இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள்.

அந்தப் பெண்மணிக்கு நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டி, கை ஊன்றாமல் எழப் பழக்கினேன். முதல் நாள் ஐந்தாவது முறையில் தொடை நடுங்கியது. இப்போது ஆறாவது வாரம். எடை அப்படியேதான் இருக்கிறது, இடுப்பு 3 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. நேற்று ஒரு மெத்தையை எடுத்துவிட்டோம்.